ஆகாய வழி – 9: வலது இருக்கையின் குரல்

கடலோரக் காவல் படையின் டார்னியர் விமானம் ஒன்று, 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பி மூன்று பேரோடு மறைந்துபோனது. ஒரு மாதத் தேடலுக்குப் பிறகு, சிதம்பரம், கடலூர் கரைக்கு அப்பால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கிடைத்தன. சென்ற வாரம் அதைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு அந்த இரண்டு ஊர் வாசகர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "நாங்கள் ஏறுகிற பயணிகள் விமானத்தில் ஆபத்து வந்தால், ஓட்டுகிறவர் அதற்குப் பழகியிருப்பாரா?"

பழகியிருப்பார். தனியாக அல்ல, இரண்டு பேராக.

கடலூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் துறைமுகமே போதும். கெடிலமும் உப்பனாறும் கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஃபைபர் படகு உள்ளே வரும்போது ஒருவர் பின்னால் எஞ்சினைப் பிடித்திருப்பார். இன்னொருவர் அணியத்தில் நின்று, நீரின் நிறத்தையும் அலை உடையும் இடத்தையும் பார்த்துக் கைகாட்டுவார். அப்பா ஓட்டுவார், மகன் கைகாட்டுவான். மகனின் கை இடதுபக்கம் நீண்டால் படகு இடதுபக்கம் திரும்பும். "நீ சின்னப் பையன்" என்று அங்கே பேச்சு கிடையாது, பார்க்கிற இடத்தில் நிற்பவன் அவன்தான்.

காக்பிட்டிலும் அதே ஏற்பாடுதான். இடது இருக்கையில் கேப்டன், வலது இருக்கையில் துணை விமானி. ஆனால் வேலை பிரிவது பதவியை வைத்து அல்ல. ஒரு பயணத்தில் கேப்டன் ஓட்டுவார், அடுத்ததில் துணை விமானி ஓட்டுவார். ஓட்டாதவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். வேகம், உயரம், எரிபொருள் எல்லாவற்றையும் கவனிப்பது, தரைக் கட்டுப்பாட்டு அறையோடு பேசுவது, செக்லிஸ்ட் படிப்பது, ஓட்டுகிறவர் பிசகினால் உடனே சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு.

இந்தப் பழக்கம் சிமுலேட்டரில் உருவாகிறது. உள்ளே அசல் போலவே ஒரு காக்பிட். வெளியே அதைத் தூக்கி ஆட்டும் இயந்திரக் கால்கள். விமானிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதில் ஏறித் தங்கள் திறமையை நிரூபிக்க வேண்டும். விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும். இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தை எட்டியதும் கேப்டன் எஞ்சின் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிடுவார். அந்த நொடியில் பயிற்சியாளர் ஓர் எஞ்சினைப் பழுதாக்குவார். விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். காலால் ரடரை, அதாவது வால் சுக்கானை, மிதித்து நேராக்கி, இருக்கிற ஓர் எஞ்சினோடு மேலே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. பாதுகாப்பான உயரத்துக்கு வந்த பிறகுதான் பழுதான எஞ்சினை அணைக்கும் வேலை. அதிலும் ஒருவர் நெம்புகோலில் கை வைத்து "இதுதானே?" என்று கேட்பார். மற்றவர் பார்த்து உறுதி சொன்ன பிறகே கை நகரும். இந்த விதி உயிர்களைக் கொடுத்து வாங்கியது. 1989-இல் இங்கிலாந்தின் கெக்வொர்த்திலும், 2015-இல் தைவானின் தைபேயிலும், நன்றாக ஓடிய எஞ்சினைத் தவறாக அணைத்ததால் விமானங்கள் விழுந்தன.

பழகியது எப்படிக் கைகொடுக்கும் என்பதை 2024 அக்டோபர் 11 மாலை தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737-இல் ஹைட்ராலிக் கோளாறு. அதில் 140-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். எரிபொருள் நிறைந்த கனத்தோடு இறங்குவது ஆபத்து. நடுவானில் எரிபொருளைக் கொட்டும் வசதி 737-க்குக் கிடையாது, பறந்து பறந்துதான் எரிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக விமானம் வட்டமடித்தது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் காத்து நின்றன. இரவு எட்டேகால் வாக்கில் சக்கரங்கள் பத்திரமாகத் தரையைத் தொட்டன. கேப்டன் இக்ரோம் ரிஃபாத்லியையும் துணை விமானி மைத்ரேயி ஷிதோலேயையும் ஊரே பாராட்டியது. அந்த நிதானம் அன்று ஒரு நாளில் வந்ததல்ல.

இதற்கு நேர்மாறான நாள் 2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் அளவுக்கு மீறிய உயரத்தில் ஓடுபாதையை நெருங்கியது. இறங்க வேண்டாம், மறுபடி மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. கேப்டன் கேட்கவில்லை. ஓடுபாதையில் பாதியைத் தாண்டித்தான் சக்கரம் பட்டது. விமானம் பள்ளத்தில் பாய்ந்து 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

அந்த அறிக்கையை நினைக்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது. அங்கே அறிவு இருந்தது, குரலும் இருந்தது, கேட்கும் காது மட்டும் இல்லை. அதனால்தான் இன்று இளையவருக்குப் பேசவும் மூத்தவருக்குக் கேட்கவும் பயிற்சி தருகிறார்கள். முதலில் சந்தேகத்தைச் சொல், பிறகு வழியைச் சொல், இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லிக் கட்டுப்பாட்டை உன் கையில் எடு என்று கற்றுத்தருகிறார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, எஞ்சின் அணைவதைச் சமாளிப்பதைவிட இதுதான் கடினமான பாடம்.

பிள்ளையை விமானியாக்க என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்டு எழுதும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படிக்கட்டும். அதோடு, "அப்பா, நீங்க பண்றது தப்பு" என்று உங்கள் பிள்ளை சொல்லும் நாளில் அதட்டாதீர்கள், நின்று கேளுங்கள். விமானியின் முதல் பாடம் அந்த வீட்டில்தான் தொடங்குகிறது.

(தொடரும்)