சஞ்சு வந்தார், ஜடேஜா போனார். மணியும் பதினொன்றைத் தாண்டியது!

வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். தாண்டிய பிறகும் டீக்கடைப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரம் முழுவதும் இப்படித்தான். தெற்கே இடுக்கியில் மறையூர், மூணாறு, சூரியநெல்லி, பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு ஆகிய ஊர்களிலும் இதே கதைதான். ரேஷன் அட்டை கேரளத்துடையது; கிரிக்கெட் பக்தி மட்டும் சேப்பாக்கத்துக்கு உரியது.

அந்தப் பக்தியில் 2025 நவம்பர் 15ஆம் தேதி ஒரு பெரிய குழப்பம் விழுந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவையும் இங்கிலாந்தின் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை 18 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. சஞ்சு திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் பகுதிக்காரர். கேரளம் தந்த ஆட்டக்காரர்களில் இவர் அளவுக்குப் பேர் வாங்கியவர் இல்லை.

தமிழ்நாட்டில் இது ஓர் ஆட்டக்காரர் மாற்றம். எல்லையோரத்தில் அதற்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. இத்தனை காலமும் ஐ.பி.எல். வந்துவிட்டால் மஞ்சள் சட்டை போட்ட தமிழ்ப் பையனைப் பார்த்து, உங்கள் ஊர் அணி, உங்கள் ஊர் அணி என்று மலையாளி நண்பர்கள் கேலி செய்வார்கள். கேரளத்துக்கென்று இருந்த கொச்சி டஸ்கர்ஸ் அணி 2011இல் ஒரே ஒரு பருவம் ஆடியதோடு கலைந்துபோயிற்று. அதற்குப் பிறகு மலையாளிகளுக்குச் சொந்த அணி கிடையாது. சஞ்சு எங்கே ஆடுகிறாரோ அதுவே அவர்கள் அணி. இப்போது அந்தச் சஞ்சுவே மஞ்சள் சட்டைக்கு வந்துவிட்டார். நேற்றுவரை எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். இதில் சந்தோஷப்படுவோர் உண்டு. நம்முடையது என்று தனியாக இருந்த ஒன்றையும் பங்கு போட்டுக்கொள்ள வந்துவிட்டார்களே என்று முனகுவோரும் உண்டு. வெளியே சொல்லாவிட்டாலும் மனத்தில் அது இருக்கிறது.

ஜடேஜா போன வருத்தம்

ஆனால் வாதத்தின் சூடு சஞ்சுவைப் பற்றியதல்ல, ஜடேஜாவைப் பற்றியது. 12 பருவங்கள் சென்னைக்கு ஆடியவர். 2023 இறுதி ஆட்டத்தை யாரும் மறக்கவில்லை. ஆமதாபாத்தில் மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஆட்டம், மறுநாளும் மழையில் நனைந்து, 15 ஓவர்களில் 171 ரன் என்று இலக்கு மாறி, நள்ளிரவுக்கு மேல் ஒன்றரை மணிக்குத்தான் முடிந்தது. கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் வேண்டும். ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்து முடித்தார் ஜடேஜா. ஐந்தாவது கோப்பை கிடைத்தது. அப்படிப்பட்டவரை, அதுவும் சம்பளத்தை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைத்து, அனுப்பலாமா என்பது மூத்தவர்களின் கேள்வி.

இளைஞர்களின் பதிலிலும் நியாயம் இருக்கிறது. 2025இல் சென்னை 14 ஆட்டங்களில் நான்கே வென்று, முதல் முறையாகப் பட்டியலின் அடியில் போய் விழுந்தது. ஏப்ரல் 11ஆம் தேதி சேப்பாக்கத்திலேயே கொல்கத்தாவுக்கு எதிராக 9 விக்கெட்டுக்கு 103 ரன்தான் எடுக்க முடிந்தது. கொல்கத்தா அதைப் பதினோராவது ஓவரிலேயே எட்டிவிட்டது. அன்று தூக்கம் கெடவில்லை என்பது ஒன்றே ஆறுதல். ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் விலக, தோனி மறுபடி தலைவராக வேண்டியிருந்தது. பெயரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது, மேலே இறங்கி அடித்து ஆட ஒருவர் வேண்டாமா, தோனிக்குப் பின் விக்கெட் காக்க ஆள் வேண்டாமா என்கிறார்கள். சஞ்சு இந்த இரண்டுக்கும் ஆவார். ராஜஸ்தானை 2022 இறுதி ஆட்டம் வரை நடத்திச் சென்ற தலைவரும் அவர்.

இதற்குள் இன்னொரு கோஷ்டியும் புகுந்துகொள்கிறது. 2025 டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபியில் நடந்த ஏலத்தில் உத்தரப் பிரதேசத்துப் பிரசாந்த் வீர், ராஜஸ்தானைச் சேர்ந்த கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களுக்குத் தலைக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்தது சென்னை. இந்திய அணிக்கு ஆடாதவர்களுக்கு இவ்வளவு விலை அதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை. அப்படியானால் தமிழ்நாட்டுப் பையன்கள் எங்கே? 2010, 2011 கோப்பைகளை வாங்கியபோது முரளி விஜய், பத்ரிநாத், அஸ்வின் என்று உள்ளூர் முகங்கள் இருந்தன. 2025இல் ஐ.பி.எல். முழுவதிலும் அதிகமாக 759 ரன் எடுத்த சாய் சுதர்சன் குஜராத்துக்கு ஆடினார். வாஷிங்டன் சுந்தரும் அங்கேதான். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். அஸ்வின் 2025இல் ஒரு பருவத்துக்குத் திரும்பி வந்து, ஆகஸ்டில் ஐ.பி.எல்.லுக்கே விடை சொல்லிவிட்டார். கேரளத்தவர் ஒருவர் வந்தது குற்றமில்லை, தமிழர் இல்லாததுதான் குறை என்பது இவர்கள் கட்சி. வாளையார்ப் பக்கத்து இளைஞர்கள் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டம் பார்க்கக் கோவைக்கு ஓடுகிறவர்கள். 2023இல் கோவை கிங்ஸ் கோப்பை வாங்கியதைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு இந்தக் குறை கூடுதலாகவே உறுத்துகிறது.

கொழுந்து காத்திருக்காது

மூணாறு மலைக்கு ஏறினால் பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது. அங்கே கேள்வி, யார் ஆடுகிறார் என்பதல்ல. எப்போது முடிக்கிறார்கள் என்பது. மாலை ஆட்டம் முன்பு 8 மணிக்குத் தொடங்கியது. 2020 முதல் 7.30க்கு வந்தது. ஒரு தரப்பு 20 ஓவர்களை 90 நிமிடத்துக்குள் வீசி முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நடுவில் விடும் இடைவேளை இரண்டும் அதில் சேர்த்தி. அந்தக் கணக்குப்படி இரு தரப்புக்கும் மூன்று மணி நேரம், இடையில் கொஞ்சம் ஓய்வு என்று 11 மணிக்குள் முடிய வேண்டும். நடப்பதோ வேறு. தலைவர் களத்தை மாற்றி அமைப்பார், பந்து வீச்சாளர் வியர்வை துடைப்பார், அகலப் பந்தா இல்லையா என்று மூன்றாவது நடுவரிடம் முறையீடு போகும். இந்த முறையீட்டு வசதி 2023இல்தான் வந்தது. பதினொன்றரை தாண்டிவிடும்.

விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, கூடையோடு மலைச்சரிவில் ஏற வேண்டிய பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் சின்ன விஷயமா? லயத்து வீடுகளுக்கு இடையே ஒற்றைச் சுவர்தான். பக்கத்து வீட்டில் ஆட்டம் ஓடினால் இந்த வீட்டிலும் தூக்கமில்லை. ஆகவே ஆட்டத்தை வேகப்படுத்தும் விதிகளுக்கு மூணாறு லயங்களில் இருக்கும் ஆதரவு, கிரிக்கெட் பார்க்காதவர்களிடமிருந்தே அதிகம் வருகிறது!

தண்டனை இல்லாமலில்லை. நேரத்துக்குள் கடைசி ஓவர் தொடங்காவிட்டால், வெளி வட்டத்தில் ஐந்து பேருக்குப் பதில் நான்கு பேரைத்தான் நிறுத்தலாம். தலைவருக்கு முதல் தடவை 12 லட்சம், இரண்டாம் தடவை 24 லட்சம் அபராதம். மூன்றாம் தடவை ஓர் ஆட்டத் தடை என்றும் இருந்தது. மும்பைத் தலைவர் ஹார்திக் பாண்டியா 2024இல் மூன்று தடவை மாட்டிக்கொண்டு, 2025 மார்ச் 23இல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. சென்னை வென்றது. அதே மாதம் அந்தத் தடை விதியை எடுத்துவிட்டு, குற்றப் புள்ளிகள் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். இது சலுகையா, நியாயமா என்று வழக்கு இன்னும் நடக்கிறது. கோடிகளில் புரள்கிறவருக்கு 12 லட்சம் வலிக்குமா என்பது ஒருவர் வாதம். ஓவர் தாமதத்துக்குத் தலைவரையே உட்கார வைத்தால் டிக்கெட் எடுத்தவன் யாரைப் பார்ப்பது என்பது மற்றவர் வாதம்.

இங்கேதான் இரண்டு சர்ச்சைகளும் ஒன்றில் வந்து முட்டுகின்றன. 2025 ஏப்ரலில் குஜராத்துக்கு எதிரான ஆட்டத்தில் ஓவர்கள் தாமதமானதற்காக 24 லட்சம் அபராதம் கட்ட வேண்டியிருந்த ராஜஸ்தான் தலைவர் வேறு யாருமல்ல, சஞ்சு சாம்சன்தான். ஜடேஜா கட்சிக்காரர்கள் இதை விடுவார்களா? ஓடி வந்து மூச்சு விடுமுன் ஓவரையே முடித்துவிடும் ஜடேஜாவைக் கொடுத்துவிட்டு, மெதுவானவரை வாங்கியிருக்கிறோம் என்கிறார்கள். சுழல் பந்தில் ஓவர் சீக்கிரம் ஓடும் என்பது உண்மை. ஆனால் 24 லட்சமும் சஞ்சு ஒருவர் செய்த தவறுக்காக அல்ல. ராஜஸ்தானின் முதல் தாமதம், ரியான் பராக் தலைவராக இருந்தபோது நடந்தது. அணியின் கணக்கில் இது இரண்டாவது என்பதால் தொகை இரட்டித்தது. சென்னையிலும் 2024இல் லக்னோ ஆட்டத்துக்காக ருதுராஜ் 12 லட்சம் கட்டியிருக்கிறார். இந்தக் கணக்கைச் சொன்னால் பேச்சு கொஞ்சம் அடங்குகிறது.

சர்வதேச ஆட்டங்களில் வழி கண்டிருக்கிறார்கள். ஓர் ஓவர் முடிந்து 60 விநாடிக்குள் அடுத்தது தொடங்க வேண்டும்; மைதானத்தில் கடிகாரம் ஓடும். 2023 டிசம்பரில் சோதனையாக வந்து, 2024 ஜூனில் நிலையானது. இரண்டு எச்சரிக்கை, பிறகு ஐந்து ரன் அபராதம். நியூயார்க்கில் 2024 ஜூன் 12ஆம் தேதி அமெரிக்க அணி இதில் சிக்கியது. 30 பந்துகளில் 35 ரன் வேண்டியிருந்த இந்தியாவுக்கு ஐந்து ரன் தானாகக் கிடைத்தது.

அந்த அமெரிக்காவின் சொந்த ஆட்டமான பேஸ்பாலில் இதைவிடக் கடுமை. பந்தை எறிகிறவருக்கு 2023 முதல் கடிகாரம் வைத்துவிட்டார்கள். 15 விநாடி, எதிரி ஓட்டக்காரர் களத்தில் இருந்தால் 20 விநாடி. மறுவருடம் அந்த 20ஐயும் 18 ஆக்கினார்கள். ஒரு வருடத்துக்குள் சராசரி ஆட்ட நேரம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாக இறங்கிற்று. ஆட்டத்தின் அழகே போயிற்று என்று அங்கேயும் பழைய ரசிகர்கள் சண்டை போட்டார்கள்.

மலையில் அந்தப் பழைய ரசிகர்கள் வேறு மாதிரி. பொங்கலுக்குச் சேப்பாக்கத்தில் நடந்த ஐந்து நாள் ஆட்டத்தை வானொலியில், அப்துல் ஜப்பார் போன்றோரின் தமிழ் வர்ணனையில் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அவசரம் புரிவதில்லை. ஆனால் அந்த ஆட்டங்கள் பகலில் நடந்தன என்பதை அவர்கள் வீட்டுப் பெண்கள் நினைவூட்டத் தவறுவதில்லை.