ஆறடித் தொட்டியும் கீழ் வீட்டுத் தூளியும்

ஆபீஸ் விட்டு வந்ததும் மீன் தொட்டி முன்னால் அரைமணி உட்கார்ந்தால் பி.பி. குறையும் என்றார் பக்கத்து ஸீட் நண்பர். அவருக்கு பி.பி.யே கிடையாது என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். ஞாயிற்றுக்கிழமை போனேன். வாங்கப் போனது என்னவோ இரண்டடித் தொட்டி. ஆனால் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

"என்னங்க இது, முதலை வளர்க்கப் போறீங்களா? நாம இருக்கறது ரெண்டாவது மாடி. தரை தாங்குமா?" என்றாள் மனைவி.

"கான்கிரீட்டும்மா! லாரியே நிக்கும்" என்றேன். பி.காம். படித்தவனின் தைரியம்.

கீழ் வீட்டுப் பெரியவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ரிட்டயரானவர். மாடிப்படியில் பார்த்தபோது பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

"24 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர்னு வைங்க, கிட்டத்தட்ட 680 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடின்னா அதுவே 120 கிலோ. கல்லு, மணல், இரும்பு ஸ்டாண்ட்... 900 கிலோ வந்துடும் தம்பி. 65 கிலோ ஆளுங்க பதினாலு பேர்."

எங்கள் செக்ஷன் முழுக்க ஒரே பெஞ்சில் ஏறி நிற்பது போல மனக்கண்ணில் ஓடியது. அவர்களாவது சாயங்காலம் ஆனால் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். தொட்டி போகாது. வருஷக்கணக்கில் இறங்காத பாரத்துக்குத் தளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யுமாம்.

"வீட்டு அறைகளுக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோன்னு கணக்கு. ஐ.எஸ். 875ல இருக்கு. சதுர அடிக்கு சுமார் 19. உங்க தொட்டி 75."

"அப்போ இடிஞ்சுடுமா ஸார்?"

"அவசரப்படாதீங்க. பன்னிரண்டுக்குப் பத்து ஹால்னா மொத்தமா 2,200 கிலோவுக்குக் கணக்கு இருக்கு. எங்கே வைக்கறீங்கங்கறதுதான் விஷயம். பரவிக் கிடக்கற பாரத்தை நடுவுல குவிச்சா, வளைக்கற விசை ரெண்டு மடங்கு. பீம் மேல இருக்கற சுவரை ஒட்டி வச்சா பாரம் பீமுக்கு இறங்கிடும். சும்மா தடுப்புச் சுவர் உதவாது."

"பால்கனி?"

"அது அந்தரத்துல கை நீட்டிக்கிட்டு நிக்குது. பாவம், விட்டுடுங்க."

(திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மரக்கட்டைகளின் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம் அது. சுவருக்குள் இருக்கும் கட்டையின் முனை உளுத்திருந்தால் வெளியே தெரியாது.)

நான் தொட்டிக்குத் தேர்ந்தெடுத்திருந்த இடத்தைக் காட்டினேன். சோபாவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே, கச்சிதமாக நட்ட நடு ஹால். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. "கீழே வாங்க" என்றார்.

போனேன். அதே இடத்துக்கு நேர் கீழே, கூரைக் கொக்கியில் ஒரு தூளி. உள்ளே இரண்டு மாதப் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்தேன். எங்கள் பாத்ரூமுக்குக் கீழே வரும் மூலையில் பழுப்பாக ஒரு கறை, பக்கத்தில் முடி அளவு விரிசல்.

"கம்பி துருப்பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. துரு ஏறினா நான் எழுதின கணக்கெல்லாம் செல்லாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருத்தர் வந்து தட்டிப் பார்த்துத்தான் சொல்லணும்."

வைக்காதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசியபடி தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பி.பி. எகிறியது.

கடைக்காரரிடம் பேசி, மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியாக மாற்றிக்கொண்டேன். 130 லிட்டருக்குள்தான். பீம் இருக்கும் சுவரைப் பெரியவரே வந்து காட்டினார். ஸ்டாண்டின் நாலு காலும் டைல்ஸைக் குத்தாமல் இருக்கக் கனமான பலகை ஒன்றையும் அவரே கொண்டுவந்தார். பாத்ரூம் ஒழுக்கை அடைக்கும் செலவு என்னுடையது.

இப்போது தினமும் சாயங்காலம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறார். தொட்டி முன்னால் இருக்கும் ஒரே நாற்காலியில் அவர்தான் உட்காருகிறார்.