வெள்ளாற்றின் வழியே – 14: கல் வந்து சேராத கடற்கரை

போன வாரம் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டோடு நிறுத்தினேன். அங்கிருந்து கிழக்கே வெள்ளாறு நல்ல தண்ணீராக ஓடுவது கொஞ்ச தூரம்தான். புவனகிரியைத் தாண்டினால் கடல் ஆற்றுக்குள் ஏறி வர ஆரம்பித்துவிடும். பரங்கிப்பேட்டையில் இரண்டும் கலக்கின்றன. இந்த வாரம் முகத்துவாரத்துக்கு வடக்கே அன்னங்கோயிலில் தொடங்கி சாமியார்பேட்டை வரை போகும் கடற்கரையைப் பற்றித்தான் எழுத இருந்தேன். அதற்குள் ஒரு கேள்வி வந்தது. அதன் பின்னால் போனதில் கட்டுரை பாதியில் பெண்ணாடத்துக்கே திரும்பிவிட்டது.

கேட்டவன் என் அக்கா மகன். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். ஏட்ரியாட்டிக் கடலோரம், மான்டினீக்ரோ நாட்டில் புல்யாரிட்ஸா என்ற கடற்கரையிலிருந்து படம் அனுப்பியிருந்தான். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆளரவம் குறைவு, கரை முழுக்கக் கூழாங்கல். “மாமா, நம்ம ஆத்துல இருக்கிற மாதிரியே கல்லு. அது ஏன் நம்ம பரங்கிப்பேட்டையில ஒண்ணுகூட இல்ல?” என்று கேட்டிருந்தான்.

அவன் சொன்னது சரி. பெண்ணாடத்தில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். ஆற்று மணலைச் சலித்தால் சல்லடையில் சரளை நிற்கும். அதில் வெள்ளை வெளேரென்று வெங்கச்சாங்கல் கிடைக்கும். விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டில் கிணறு வெட்டினாலும் அதே கல், உருண்டு மழமழவென்று, அடுக்கடுக்காக வரும். கல் இருக்கிறது, அதை உருட்ட ஆறு இருக்கிறது, ஆறு போய்ச் சேரக் கடலும் இருக்கிறது. ஆனாலும் கரையில் கல் இல்லை.

அன்னங்கோயிலில் இறங்கி வடக்கே நடந்தால் காலில் படுவது மணல் மட்டும்தான். அலை விட்டுப்போன கோட்டில் மட்டியும் கிளிஞ்சலும் நொறுங்கிக் கிடக்கும். சில இடங்களில் மணல்மேல் கறுப்பாக வரி ஓடும். அது மற்ற மணலைவிடக் கனமான இரும்புத் தாது கலந்த மணல். அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது. மேடு ஏறினால் அடும்புக்கொடி, ராவணன் மீசை, அதற்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. சின்னூர், புதுக்குப்பம் என்று குப்பங்கள் வருகிற இடத்தில் படகுகளும் வலைகளும் ஆட்களும் இருப்பார்கள். இடைப்பட்ட தூரத்தில் நண்டுகளைத் தவிர யாரும் இல்லை. தைப் பனிக்குப் பிறகு வரும் இரவுகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்குத்தான் ஏறி வருகின்றன. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகிற கூட்டம் இங்கே வருவதில்லை. வராததும் நல்லதே.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அக்கா மகன் அனுப்பிய படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “பாக்க நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இந்தக் கல்லுல கரைவலை இழுக்க முடியாது, மடி கிழிஞ்சிடும். நமக்கு மணல்தாங்க சோறு போடுது” என்றார். நான் அழகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் அவர் கடலடித் தரையைப் பார்த்தார். கரைவலை தரையைத் தடவிக்கொண்டே வரவேண்டிய வலை. தரை மணலாக இருந்தால்தான் அந்தத் தொழில்.

இனி கல்லின் கதை. ஏட்ரியாட்டிக்கின் கிழக்குக் கரையில் மலை கடலிலேயே கால் வைத்து நிற்கிறது. குரோஷியாவில் மகார்ஸ்கா என்ற ஊருக்குப் பின்னால் பியோகோவோ மலை 1,762 மீட்டர் உயரம். உச்சிக்கும் கடலுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். அங்கே மழையில் பெயர்கிற கல், மணலாகத் தேய்வதற்குள் கடலுக்கு வந்துவிடுகிறது. மிச்ச வேலையை அலை செய்கிறது. மலை சுண்ணாம்புக்கல் என்பதால் மழைநீர் பெரும்பாலும் மேலே ஓடுவதில்லை. வெடிப்புகளில் புகுந்து நிலத்துக்கடியில் போய்விடுகிறது. சேறு சுமந்து வரும் பெரிய ஆறுகள் குறைவு. அந்தக் கடல் கண்ணாடியாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். அதே கடலின் மேற்குக் கரை, அதாவது இத்தாலிப் பக்கம், பெரும்பாலும் மணல். அங்கே போ போன்ற ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நம் சோழமண்டலக் கரைக்கு உறவு தேடுவதானால் அந்த மேற்குக் கரையைத்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளாறு என்ன செய்கிறது? வசிஷ்ட நதியாகவும் சுவேத நதியாகவும் சேலம் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி, சேர்ந்து, தொழுதூர், திட்டக்குடி, பெண்ணாடம் என்று வருகிறது. விருத்தாசலத்துக்குக் கிழக்கே மணிமுத்தாறும் வந்து சேர்கிறது. பெண்ணாடத்துக்கு வரும்போதே மலை எங்கோ பின்தங்கிவிட்டது. கடல் இன்னும் நேர்க்கோட்டிலேயே சுமார் 60 கிலோமீட்டர். சரிவோ கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான். அந்தச் சரிவில் ஆற்றுக்குக் கல்லைத் தூக்கிப் போகும் பலம் இல்லை. கனமானதை வழியிலேயே இறக்கி வைத்துவிட்டு, மணலையும் வண்டலையும் மட்டும் கொண்டுபோகிறது. பெலாந்துறையிலும் சேத்தியாத்தோப்பிலும் அணைக்கட்டு வந்தபிறகு, வழியில் தங்கிப்போவது இன்னும் கூடிவிட்டது.

செம்மண் மேட்டுக் கூழாங்கல் இந்த ஆற்றைவிட மூத்தது. நிலவியலார் கடலூர் மணற்கல் என்று சொல்லும் படிவம் அது. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கிற மரங்களும் இதே படிவத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு வயது 2 கோடி ஆண்டு என்கிறார்கள். அந்தக் காலத்து ஆறுகள் உருட்டிய கல் இது. கருங்கல் மக்கும்போது அதிலுள்ள ஒரு பகுதி வெள்ளைக் களிமண்ணாகக் கரைகிறது. மக்காத வெங்கச்சாங்கல் மட்டும் தேறி உருள்கிறது. விருத்தாசலத்தைப் பீங்கான் ஊராக்கியதும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு பயிலகம் ஒன்று அங்கே வந்ததும் இந்தக் களிமண்ணை நம்பித்தான். நாம் குடிக்கிற பீங்கான் கோப்பையும் சல்லடையில் நிற்கிற வெள்ளைக் கல்லும் ஒரே பாறை வயிற்றில் பிறந்தவை.

இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. அதுதான் என்னை அதிகம் அசைத்தது. ஏட்ரியாட்டிக் கரையின் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பங்கு டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலடியில் படிந்தது. பிராச் தீவில் வெட்டிய அந்தக் கல்லைக் கொண்டுதான் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் ஸ்ப்ளிட் நகரில் தன் அரண்மனையைக் கட்டினான். அதே யுகத்தில் இங்கேயும் கடல் இருந்தது. அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரி வட்டாரங்களில் அந்தக் கடலின் படிவுகள் தரைக்கு வந்து தெரிகின்றன. வெள்ளாற்றைத் தாண்டித் தெற்கே அரியலூர்ப் பக்கம் போனால், சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டும் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கைப்பிடி நிறையும் சிப்பிகள் கல்லாகக் கிடக்கின்றன. ஏறத்தாழ 7 கோடி ஆண்டு வயது.

இந்தப் பாறைகளை 1862-இல் அடுக்கு அடுக்காகப் பிரித்து எழுதியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அவற்றின் சிப்பிகளையும் சங்குகளையும் ஒவ்வொன்றாக விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து வியன்னாவில் பயின்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு வந்தவர். அன்று மொராவியாவும் ஏட்ரியாட்டிக்கின் கிழக்குக் கரையும் ஒரே ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தன. அந்த நாட்டிலிருந்து வந்த ஒருவர் கல்கத்தாவில் உட்கார்ந்து நம் வட்டாரத்துச் சிப்பிகளுக்குப் பெயர் சூட்டினார். 1874-இல் லடாக்கில், பயணத்தின் நடுவே இறந்துபோனார். நம் பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. வந்திருக்க வேண்டும்.

ஆக, அங்கே அந்தக் கடலடி மலையாக எழும்பிக் கடலோரத்திலேயே நின்றுவிட்டது. இங்கே கடல் பின்வாங்கிப் போக, அதன் அடித்தரை நம் வயல்களுக்குக் கீழே படுத்துக்கொண்டது. பெண்ணாடத்துப் பிரளயகாலேஸ்வரர் கோயில் தலபுராணத்தில், பிரளய வெள்ளம் ஊரை அழிக்க வந்தபோது இறைவன் சொல்லுக்கு நந்தி வெள்ளத்தை எதிர்த்துத் திரும்பி நின்று தடுத்ததாகக் கதை. தூங்கானை மாடம் என்று பெயர் பெற்ற அந்த விமானத்தைச் சுற்றி வரும்போதெல்லாம், தரைக்குக் கீழே மெய்யாகவே ஒரு கடல் வந்து போன தடம் இருப்பதை நினைத்துக்கொள்வேன். புராணம் எழுதியவருக்குச் சிப்பிக்கல் கண்ணில் பட்டதா என்று கேட்கத் தோன்றும். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அக்கா மகனுக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். அதோடு இன்னொன்றும் எழுதினேன். பரங்கிப்பேட்டைக் கரை அங்கேயே பிறந்து அங்கேயே கிடக்கிற பொருள் அல்ல. கச்சான் காலத்தில் அலை மணலை வடக்கே தள்ளுகிறது. வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திருப்பிக் கொண்டுவருகிறது. கணக்குப் பார்த்தால் வருஷத்தில் வடக்கே போவதுதான் அதிகம். போகிற மணலுக்கு ஈடாக ஆறு புது மணல் கொடுத்தால்தான் கரை நிற்கும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரியைப் பார்த்தால் போதும். 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். வடக்கே போகும் மணல் அதற்குத் தெற்கிலேயே தங்கிவிட்டது. நகரத்தின் கரை கரைந்து, பெரும்பாறைகளைக் கொட்டித் தடுக்க வேண்டிவந்தது. சோழமண்டலக் கரையில் கல்லைப் பார்க்கிறோம் என்றால் பெரும்பாலும் அது மனிதன் பயந்துபோய்க் கொண்டுவந்து கொட்டிய கல்.

அப்படியிருக்க, வெள்ளாற்றில் மணல் அள்ளுகிற ஒவ்வொரு லாரியும் பெண்ணாடத்தின் நிலத்தடி நீரோடு சேர்த்து, அந்தக் கரைவலைக்காரரின் கடற்கரையையும் ஏற்றிக்கொண்டு போகிறது. மாட்டுவண்டிக்கும் இயந்திரத்துக்கும் வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆற்றுப்படுகையில் களிமண் தட்டும்வரை தோண்டிப் போட்ட பள்ளங்களைப் பார்த்தபிறகு, இதைச் சொல்லாமல் கடற்கரையை மட்டும் வர்ணித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மணல் குவாரி பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ஆற்றோரத்து விவசாயிகள் பேசுகிறார்கள். முகத்துவாரத்து மீனவர்களையும் அங்கே கூப்பிட வேண்டும். ஆற்றின் மணலில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டை. ரயிலில் போவதானால் விருத்தாசலத்தில் மாறி, கடலூர் துறைமுகம் சந்திப்பில் மறுபடி மாற வேண்டும். காலை வெயில் ஏறுவதற்குள் நடந்து முடித்துவிடுங்கள், நிழலுக்குச் சவுக்குத் தோப்பை விட்டால் வேறில்லை. அலையில் குளிக்க இறங்க வேண்டாம். கரையோரத்திலேயே ஆழம் வந்துவிடும், இழுப்பும் அதிகம். குப்பத்துக்காரர்களைக் கேட்டு, அவர்கள் காட்டுகிற இடத்தில் கால் நனைத்துக்கொள்ளலாம். இன்னொரு நாள் கிடைத்தால் மேற்கே திரும்பி, அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

அடுத்த வாரம் முகத்துவாரத்தின் தென்கரை: முடசல் ஓடை, கிள்ளை, 2004 டிசம்பர் 26-இல் சுனாமி துடைத்துப்போட்ட எம்.ஜி.ஆர். திட்டு.

(தொடரும்)