ஐந்து வயதோடு சுருட்டி வைக்கப்படும் டேப்

பிறக்கும்போது 34, 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு முதல் பிறந்தநாளுக்குள் 45, 46 ஆகிவிடுகிறது. பிறகு அந்த வேகம் அடங்கிவிடும். ஐந்து வயதில் 50ஐ ஒட்டி நிற்கும் தலை, ஆள் வளர்ந்து முடிந்தபின் பெரும்பாலும் 54 முதல் 57 வரை இருக்கும். பள்ளிப் பருவம் முழுவதற்கும் சேர்த்துக் கூடுவது ஐந்தாறு செ.மீ.தான். அதனால்தானோ என்னவோ, உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட தலைச் சுற்றளவு வரைபடம் ஐந்து வயதோடு நின்றுவிடுகிறது. ஐந்து முதல் 19 வயது வரையினருக்காக அதே ஆண்டு வந்த அட்டவணைகளில் உயரம் உண்டு, எடை உண்டு, தலை இல்லை. பள்ளியில் சேரும் பிள்ளையின் தலையை ஒருமுறையாவது அளந்து எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வளர்ச்சி இவ்வளவு மெதுவாக இருக்கும்போது அளப்பதில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஓராண்டில் கூடுவது அரை செ.மீ.க்கும் குறைவு. தடித்த சடையோ தலையில் விட்டுவைத்த கிளிப்போ அந்த அரை செ.மீ.யை விழுங்கிவிடும். துணி டேப் நாளடைவில் நீண்டுபோகும் என்பதால் இழுத்தால் நீளாத டேப்தான் வேண்டும். முன்னால் புருவத்துக்குச் சற்று மேலும், பின்னால் மண்டை அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்திலும் அது படிய வேண்டும். முடி அமுங்கும் அளவுக்கு இறுக்கி, மூன்று முறை அளந்து, பெரிய அளவைக் குறித்துக்கொள்வார்கள். இதில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. ஆறு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு பருமனை எட்டிவிடுகிறது. விடலைப் பருவத்தில் தலை இன்னும் கொஞ்சம் பெரிதாவதில் மண்டையோடு தடிப்பதற்கும், புருவத்துக்குப் பின்னே உள்ள காற்றறைகள் விரிவதற்கும் கணிசமான பங்குண்டு. கைக்குழந்தையின் தலையில் மூளையின் வளர்ச்சியைச் சொல்லும் அதே டேப், பதினைந்து வயதில் எலும்பைப் பற்றியும் சேர்த்துச் சொல்கிறது.

அப்படியானால் அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். ஏற்கெனவே நடந்துவிட்டதை அந்த ஒற்றை எண் சொல்கிறது. படிப்பில் பின்தங்கும், வலிப்பு வரும் பிள்ளையின் தலை வயதுக்கு மிகச் சிறியதாக இருந்தால், கருவிலோ முதல் ஆண்டுகளிலோ மூளையின் வளர்ச்சி தடைப்பட்டதா என்று மருத்துவர் தேடத் தொடங்குவார். மிகப் பெரிய தலையும், தோலில் பால்காப்பி நிறத் திட்டுகளும் சேர்ந்திருந்தால் நரம்புநார்க்கட்டி நோயை நினைப்பார். 18 வயது வரை ஒப்பிட்டுப் பார்க்க 1968இலேயே நெல்ஹவுஸ் தொகுத்த வரைபடம் இருக்கிறது. வீண் பீதி கிளம்பாதா என்பது நியாயமான அச்சம். பெற்றோரின் தலையையும் அளந்துவிட்டால் அதில் பாதி தீர்ந்துவிடும். நலமாக இருக்கும் பிள்ளையின் பெரிய தலை பெரும்பாலும் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்ததுதான். ஆனால் ஓர் எச்சரிக்கை. பள்ளி வயதில் மண்டையோட்டு இணைப்புகள் இறுகியிருக்கும். மூளையில் நீர் கோத்தாலும் கைக்குழந்தைக்குப் போலத் தலை வீங்காது. விடாத தலைவலி, காலையில் வாந்தி, நடையில் தள்ளாட்டம் இவற்றைக் கண்டால் டேப் சரியாகத்தானே காட்டுகிறது என்று இருந்துவிடக் கூடாது.

தலையை அளப்பது என்றாலே சிலருக்குக் கசப்பு வரும். அதற்குக் காரணமும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதி சாதியாக மக்களை நிறுத்தித் தலையையும் மூக்கையும் அளந்தார். அந்தக் காலத்து இனவாதத்துக்கு மண்டை அளவு ஒரு கருவியாகவே இருந்தது. தலை வடிவம் இனத்தோடு பிறந்த, மாறாத அடையாளம் என்ற நம்பிக்கையை ஆட்டியதும் அளவுதான். நியூயார்க்கில் குடியேறிய குடும்பங்களில் சுமார் 18,000 பேரை அளந்த ஃபிரான்ஸ் போவாஸ், அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோருடையதிலிருந்து மாறுபடுவதைக் கண்டார். இயல்பான எல்லைக்குள் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் யார் நன்றாகப் படிப்பார் என்று எந்த டேப்பாலும் சொல்ல முடியாது. எனவே வகுப்பில் வரிசையாக நிறுத்தி, எண்களை உரக்கப் படிக்கும் வேலை வேண்டாம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது குழந்தைநல மருத்துவரிடம் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் தலையையும் அளந்து, இரண்டையும் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். அந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.