தையல் பிரித்த பின்பு



திருவெறும்பூர் வழியே போகும் தஞ்சாவூர் சாலையில் விழுந்து, தலையில் அடிபட்டு வருகிறவர்கள் உண்டு. தையல் பிரித்ததும் சுகமாகிவிட்டதென்று வீட்டார் அழைத்துப்போகிறார்கள். காயம் ஆறியிருக்கும், மூளை தேற மாதங்கள் செல்லும். மறதியும் காரணமற்ற கோபமும் வரலாம். "குணமே மாறிட்டுது, ஐயா" என்று ஒரு சகோதரி எங்களிடம் அழுதார். அது அடியின் விளைவு என்று முன்னமே சொல்லாதது எங்கள் குறை.

வீட்டுக்கு அனுப்பும் ஆயத்தம் கடைசி நாள் வேலையல்ல. மாத்திரை கொடுக்கப்போகிறவர் நர்ஸ் முன்னிலையில் இரண்டு நாள் கொடுத்துப் பழகவேண்டும். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. கடும் தலைவலி, வாந்தி, மயக்கம் கண்டால் உடனே திரும்ப வரவேண்டும். இவற்றைத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும்; ஆங்கிலச் சீட்டு பெட்டிக்குள் போய்விடும்! 2021-ல் தொடங்கிய அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அதற்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கவேண்டும் என்பதும் அந்தச் சீட்டிலேயே இருக்கட்டும்.