பெரிய அலாய் வீல் மாட்டியாச்சா? டயரில் எவ்வளவு காற்று வைக்கணும்? பஞ்சர் கடையில் சொல்லும் கணக்கு சரியா?

காருக்குப் புது அலாய் வீல். 15 அங்குலம் இருந்த இடத்தில் இப்போது 16 அங்குலம். பார்க்க ஜம்முனு இருக்கு. வண்டியை நேராக பெட்ரோல் பங்க்குக்கு விட்டால், காற்று அடிப்பவர் கேட்கும் முதல் கேள்வி: "எவ்வளவு வைக்கட்டும் சார்?"

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "பழைய அளவே வைங்க" என்பார் ஒருவர். "பெரிய வீல்தானே, கம்மியா வைச்சா சொகுசா போகும்" என்பார் இன்னொருவர். "டயர்லயே 51னு போட்டிருக்கே, அதையே அடிச்சிடு" என்று சொல்பவர்களும் உண்டு. இந்த மூன்றில் எதையுமே யோசிக்காமல் பின்பற்ற முடியாது. ஏன்? சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் இது ஏன் முக்கியம்?

கார் தயாராகும் இடமும் டயர் தயாராகும் இடமும் பக்கத்து பக்கத்தில் இருக்கும் பகுதி இது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ ஆலை. டயர் என்று பார்த்தால் ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜேகே, சியட் ஆலைகள்.

இங்கே வேலைக்கு வருபவர்கள் பலர் காரைப் பகிர்ந்து கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். ஒரு காரில் ஐந்து பேர், ஆளுக்கொரு பை. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில்தான் குறுக்கிடுகின்றன. இரண்டிலும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஓடும். முழுச் சுமை, வெயில், வேகம் மூன்றும் சேரும்போது டயரில் காற்று குறைவாக இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

வீல் பெருசு, ஆனால் காற்று இடம் சிறுசு

முதலில் ஒரு அடிப்படை விஷயம். காரின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காற்றுதான். டயர் என்பது அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பை.

2020-ல் வந்த ஹூண்டாய் ஐ20-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் நடுத்தர வேரியன்ட்டில் 185/65 ஆர்15 டயர், டாப் வேரியன்ட்டில் 195/55 ஆர்16 டயர். இதில் 185, 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65, 55 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டுச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

கணக்குப் போட்டால் முதல் டயரின் பக்கச் சுவர் சுமார் 120 மி.மீ. இரண்டாவதில் 107 மி.மீ. தான். ஆனால் மொத்த உயரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சுமார் 621 மி.மீ. அதாவது ரிம் பெரிதானது, டயர் ஒல்லியானது. பெரிய வீல் மாட்டினால் காற்று அதிகம் பிடிக்கும் என்று நினைப்பது இங்கேதான் தவறாகிறது.

மொத்த உயரம் மாறாமல் இருப்பது அவசியமும் கூட. அது மாறினால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் மாறிவிடும்.

பார்க்க வேண்டிய எண் எது?

டயர் அளவுக்குப் பக்கத்திலேயே 88ஹெச், 87வி என்று ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எழுத்து, வேக வரம்பைக் குறிக்கும். எண்தான் 'லோட் இண்டெக்ஸ்', அதாவது அந்த டயர் அதிகபட்சம் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு. 87 என்றால் 545 கிலோ. 88 என்றால் 560 கிலோ. 91 என்றால் 615 கிலோ. 96 என்றால் 710 கிலோ. 98 என்றால் 750 கிலோ.

இந்த எடையைத் தாங்க, உள்ளே குறிப்பிட்ட அளவு காற்று இருக்க வேண்டும். ஐரோப்பிய தரக் கணக்குப்படி சாதாரண கார் டயருக்கு அது சுமார் 36 பிஎஸ்ஐ. 'எக்ஸ்எல்' அல்லது 'எக்ஸ்ட்ரா லோட்' என்று போட்டிருக்கும் டயருக்கு சுமார் 42 பிஎஸ்ஐ. காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும்.

ஆகவே கேள்வி இதுதான்: பழைய டயர், கார் கம்பெனி சொன்ன காற்றில் எவ்வளவு எடை தாங்கியது? அதே எடையைத் தாங்க புது டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

ஒரு உதாரணக் கணக்கு

பழைய டயர் 185/65 ஆர்15, லோட் இண்டெக்ஸ் 88. கார் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு டயர் தாங்குவது சுமார் 522 கிலோ.

இப்போது 195/55 ஆர்16, லோட் இண்டெக்ஸ் 87 மாட்டுகிறோம். அதே 522 கிலோவைத் தாங்க சுமார் 34 பிஎஸ்ஐ வேண்டும். ஒரு பாயின்ட் கூடுதல், அவ்வளவுதான்.

அதே அளவில் 91 எக்ஸ்எல் டயர் வாங்கினால்? "இது ஸ்ட்ராங் டயர் சார், காத்து கம்மியா இருந்தாலும் தாங்கும்" என்று கடையில் சொல்லலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 33 பிஎஸ்ஐ-யில் இந்த எக்ஸ்எல் டயர் தாங்குவது சுமார் 507 கிலோ. பழைய டயரைவிட 15 கிலோ குறைவு! எக்ஸ்எல் டயரின் பலம் முழுதாகக் கிடைப்பது அதிகக் காற்றில்தான். அதற்கும் குறைந்தது 34 பிஎஸ்ஐ தேவை.

எஸ்யூவி பக்கம் போவோம். ஒரகடத்தில் தயாரான பழைய ரெனோ டஸ்டரில் 215/65 ஆர்16 டயர். லோட் இண்டெக்ஸ் 98 என்றும், காற்று 33 பிஎஸ்ஐ என்றும் வைத்துக்கொண்டால், டயருக்கு சுமார் 700 கிலோ. அதை 17 அங்குலமாக்கி 215/60 ஆர்17, லோட் இண்டெக்ஸ் 96 மாட்டினால், அதே எடைக்குக் கிட்டத்தட்ட 35 பிஎஸ்ஐ வேண்டும். பழைய 33-ஐயே வைத்தால் ஒவ்வொரு டயரும் தினமும் குறைகாற்றில் ஓடுவதாக அர்த்தம்.

லோட் இண்டெக்ஸ் கூடினால் காற்றைக் குறைக்கலாமா? கணக்குப்படி சில நேரம் குறைவான எண் வரும். ஆனாலும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கீழே போகாமல் இருப்பதே பாதுகாப்பு. பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் அந்தக் காற்றுக்கு ஏற்பத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும்.

அப்போ வீட்டில் என்ன செய்யணும்?

முதல் வேலை: ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, நடுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்க. முன் டயர், பின் டயர், முழுச் சுமை என்று பல கார்களில் தனித்தனி அளவு இருக்கும். ஐந்து பேர் போகிற வண்டி என்றால் முழுச் சுமை அளவுதான் உங்களுக்கு.

இரண்டாவது: நீங்கள் மாட்டிய அளவு, அதே மாடலின் டாப் வேரியன்ட்டில் கம்பெனியே கொடுக்கும் அளவா? அப்படியென்றால் கணக்கே வேண்டாம். அந்த வேரியன்ட்டின் கையேட்டில் உள்ள அளவை அப்படியே வைக்கலாம். லோட் இண்டெக்ஸும் அதேதானா, எக்ஸ்எல் டயரா என்பதை மட்டும் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது: வேறு அளவு என்றால், பழைய டயரின் லோட் இண்டெக்ஸைக் குறித்துக்கொண்டு டயர் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் போங்கள். புது டயருக்கான 'லோட்-பிரஷர் டேபிள்' படி எவ்வளவு என்று கேளுங்கள். புது டயரின் லோட் இண்டெக்ஸ் பழையதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் அந்த டயரே வேண்டாம்.

நான்காவது: டயரின் பக்கவாட்டில் 'மேக்ஸ்' என்று போட்டு 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கும். அது அந்த டயர் ஏற்கும் உச்ச வரம்பு. உங்கள் காருக்கு வைக்க வேண்டிய அளவு அல்ல. அவ்வளவு அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், மழையில் பிடிமானம் குறையும், பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும்.

மதியம் அடித்த காற்று, காலையில் எங்கே?

சரியான எண் தெரிந்தும் பலர் ஏமாறுவது இங்கேதான். ஸ்டிக்கரில் உள்ள எண் 'குளிர்ந்த டயர்' அளவு. அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்ற பிறகு இருக்க வேண்டிய அளவு.

சுமார் 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ கூடும். தாம்பரத்தில் கிளம்பி மதிய வெயிலில் ஒரகடம் வந்து சேரும்போது, காலையில் 33 இருந்த டயர் 37 காட்டலாம். "ஓவரா இருக்கு சார்" என்று அதை 33-க்கு இறக்கினால், மறுநாள் காலையில் டயரில் இருப்பது 29 தான்.

மேலே சொன்ன 91 எக்ஸ்எல் டயரில் 29 பிஎஸ்ஐ என்றால் தாங்கும் எடை சுமார் 457 கிலோ. பழைய டயர் 522 கிலோ தாங்கியது. ஒரு டயருக்கு 65 கிலோ குறைவு, கிட்டத்தட்ட ஒரு ஆள் எடை! அந்த வண்டியில்தான் ஐந்து பேர் ஷிஃப்ட்டுக்குப் போகிறார்கள். எனவே சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள். காலையில், வீட்டிலேயே, சொந்தமாக ஒரு கேஜ் வைத்துப் பார்ப்பதே சிறந்தது. நைட்ரஜன் அடித்தாலும் அளவு ஒன்றுதான்.

காற்று குறைந்தால் என்னதான் ஆகும்?

காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர், ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாகுமே, அதே கதைதான். உள்ளே சூடு ஏறி, அடுக்குகள் பிரிந்து, கடைசியில் டயர் வெடிக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம், அமெரிக்காவின் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் - ஃபயர்ஸ்டோன் விவகாரம். 2000-ம் ஆண்டு ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. 270-க்கும் மேற்பட்ட மரணங்கள் அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டன. டயர் தயாரிப்புக் குறைகளோடு சேர்ந்து விவாதிக்கப்பட்ட இன்னொரு விஷயம், காற்று அளவு. கார் கம்பெனி பரிந்துரைத்தது 26 பிஎஸ்ஐ. டயர் கம்பெனியோ 30 வேண்டும் என்றது. அதன் பிறகு வந்த சட்டத்தால்தான், காற்று குறைந்தால் எச்சரிக்கும் டிபிஎம்எஸ் கருவி அங்கே புது கார்களில் கட்டாயமானது.

உங்கள் காரில் டிபிஎம்எஸ் இருந்தால், புது ரிம்முக்கு சென்சாரை மாற்றினார்களா என்று கேளுங்கள். சென்சார் இல்லாத வகை என்றால், காற்று வைத்த பிறகு 'ரீசெட்' செய்ய வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். அது பழைய அளவிலேயே இருந்தால் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போக மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019 சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். எனவே அதே மாடலுக்குக் கம்பெனி கொடுக்கும் வீல் அளவுக்குள் நிற்பதுதான் சிக்கல் இல்லாத வழி. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், காற்றின் அளவை முடிவு செய்வது ரிம்மின் அங்குலம் அல்ல. வண்டி சுமக்கும் எடையும், டயரில் எழுதியிருக்கும் அந்த இரண்டு இலக்க எண்ணும்தான். அடுத்த முறை "எவ்வளவு வைக்கட்டும் சார்?" என்று கேட்டால், பதிலை பங்க்கில் தேடாதீர்கள். காலையில் கதவோர ஸ்டிக்கரையும் டயரையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.