பாசறைக்கு ஒரு கைக்கோடரி



இனத்துக்கு இரண்டகம் செய்தவனைக் 'கோடரிக்காம்பு' என்று வைவது நம் வழக்கம். மரத்திலே பிறந்து, இரும்புக்குத் துணைபோய், மரத்தையே வீழ்த்துகிறது என்பது அதன்மேல் சாட்டப்பட்ட குற்றம். உவமை பொருத்தமானதுதான். ஆயினும் அந்த வசையினாலோ என்னவோ, கோடரி வாங்கப் போகிறவர் எவரும் காம்பைப் பொருட்படுத்துவதில்லை. இரும்பைச் சுண்டி ஓசை கேட்கிறார், வாயின் கூரை விரலால் தடவிப் பார்க்கிறார், பளபளப்பைக் கண்டு மகிழ்கிறார், விலை பேசுகிறார். கையில் பிடித்திருப்பது காம்பு என்னும் நினைவே அவருக்கு எழுவதில்லை.

சாரணச் சிறுவர்களை ஆண்டுதோறும் பாசறைக்கு அழைத்துச் செல்லும் பணியில் இருப்பவன் நான். எங்கள் கருவிப்பெட்டிக்கு வந்து சேர்ந்த கைக்கோடரிகளுள் இரும்பு தேய்ந்து விடைபெற்றது ஒன்றுகூட இல்லை. காம்பு முறிந்தோ, தலை கழன்றோதான் அவை ஓய்வு பெற்றன. ஆகவே நெடுநாள் உழைக்கும் கோடரி எது என்று என்னைக் கேட்டால், இரும்பும் மரமும் கூடுகிற இடத்தை முதலில் பாருங்கள் என்றே சொல்வேன்.

அதற்கு முன் அளவைப் பற்றி ஒரு சொல். பாசறையில் கோடரிக்குள்ள வேலை பெரிதன்று. சுள்ளியைத் தறிக்க வேண்டும். மணிக்கட்டுப் பருமனுள்ள விறகைப் பிளக்க வேண்டும். கூடார முளைகளைச் சீவ வேண்டும். இதற்குத் தலை அறுநூறு கிராம் அளவிலும், காம்பு 35 முதல் 40 சென்டிமீட்டர் வரையிலும் இருந்தால் போதும். அதைவிடப் பருத்த கட்டைகளை வெட்ட நேருமானால், ஐம்பது அறுபது சென்டிமீட்டர் காம்புள்ள சற்றுப் பெரிய கோடரியே ஏற்றது.

சிறிய கோடரி என்பதால் ஆபத்தும் சிறிது என்று பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. நீண்ட காம்புள்ள கோடரி இலக்குத் தவறினால் பெரும்பாலும் காலுக்கு முன்னே தரையில் பதியும். குட்டைக் காம்புள்ளதோ, தவறிய வேகத்தில் வெட்டுகிறவனுடைய முழங்காலையும் கணைக்காலையும் நோக்கி வளைந்து வரும். ஆகையால் கைக்கோடரியை நின்றுகொண்டு வீசலாகாது. மண்டியிட்டு அமர்ந்து, அடியில் ஒரு கட்டையை வைத்து, அதன்மேல் வெட்ட வேண்டும். அப்போது தவறிய வெட்டு கட்டையிலோ மண்ணிலோ போய் முடியும்.

இனி, கூடுகிற இடத்துக்கு வருவோம். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆராய்ச்சியாளர் கற்கால மனிதனின் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அத்தகைய கற்கோடரிகளுக்குக் காம்பு இல்லை. உள்ளங்கையில் அடக்கிப் பிடித்தே அவற்றைக் கொண்டு வெட்டினார்கள். கழன்று பறக்கத் தலை என்று தனியே ஒன்று இல்லாத கோடரி அது! கல்லையும் கம்பையும் இணைக்க மனிதன் என்றைக்குக் கற்றானோ, அன்றைக்கே இந்த இணைப்புத் தொல்லையும் தொடங்கிவிட்டது.

காம்பு செருகும் துளையைக் கண் என்போம். அதில் இரண்டு முறைகள் உண்டு. பிக்காசைப் பார்த்திருப்பீர்கள். அதன் காம்பு நுனியில் பருத்தும் பிடியில் மெலிந்தும் இருக்கும். மேலிருந்து கண்ணுக்குள் நுழைத்துக் கீழே இழுத்தால் நுனி இறுகி நின்றுவிடும். ஓங்க ஓங்க இறுகுமே தவிர, நழுவாது. நம் நாட்டுக் கொல்லர் செய்யும் கோடரிகளில் சிலவும் இவ்வகையின. மற்றொரு முறையில் கண்ணின் நடுப்பகுதி குறுகியும், மேல்வாயும் கீழ்வாயும் சற்று அகன்றும், உடுக்கையைப் போல இருக்கும். காம்பு கீழிருந்து நுழையும். மேலே பிளவு செய்து அதில் ஆப்பு அறைவார்கள். ஆப்பு மரத்தை விரிக்க, விரிந்த மரம் அகன்ற மேல்வாயை நிறைத்துக்கொள்ளும். அப்புறம் தலை மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது.

கெட்ட கோடரியில் இவ்விரண்டும் இல்லை. கண் குழாயைப் போல நேராகத் துளைக்கப்பட்டிருக்கும். ஆப்பு விரிவதற்கு இடமே இல்லை. வெறும் உராய்வை நம்பித் தலை நிற்கும். ஒரு முறை எங்கள் பாசறையில் புத்தம் புதிய கோடரியொன்று மூன்றாம் நாள் தலை கழன்று, வெட்டிக்கொண்டிருந்த சிறுவனின் தோளுக்கு மேலாகப் பறந்து, பின்னாலிருந்த வேலியில் பதிந்தது. வேலிக்கு அருகே அப்போது ஒருவரும் இல்லை. அந்தத் தலையை எடுத்துப் பார்த்தேன். கண்ணுக்குள் ஆப்புக்குப் பதிலாக மூன்று ஆணிகள்! அவற்றின்மேல் கறுப்பு வண்ணம் தடித்துப் பூசப்பட்டிருந்தது.

ஆகவே கடையில் கோடரியைக் கையில் எடுத்ததும் அதன் உச்சியைப் பாருங்கள். மரம் கண்ணை முழுவதும் நிறைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நல்லது. ஓரத்தில் சந்து தெரிந்தாலும், ஆணி தெரிந்தாலும், வண்ணமோ பசையோ எல்லாவற்றையும் மூடியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு காம்பின் அடி நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாயை நோக்குங்கள். வாயின் விளிம்பு காம்பின் நேர்கோட்டில் அமைந்திருக்க வேண்டும்.

காம்பின் ரேகைகளைக் கவனிப்பது அடுத்த வேலை. காம்பின் அடிநுனியில் தெரியும் கோடுகள், தலையின் வாயும் பின்மண்டையும் இருக்கும் திசையிலேயே, முன்னும் பின்னுமாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அடியின் அதிர்ச்சியில் பிளக்கும். பக்கவாட்டிலும் கோடுகள் நுனிமுதல் அடிவரை தொடர்ந்து செல்ல வேண்டும். நடுவில் சரிந்து வெளியேறுமானால், முறிவு எந்த இடத்தில் வரும் என்பதை அந்தக் கோடே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. வண்ணம் பூசிய காம்பை நான் வாங்குவதில்லை. கோட்டை மறைப்பதற்கு வண்ணத்தைவிட வசதியானது வேறில்லை. மேல்நாட்டார் ஹிக்கரி என்னும் அமெரிக்க மரத்தையும், ஆஷ் என்னும் ஐரோப்பிய மரத்தையும் விரும்புகிறார்கள். நமக்குக் கருவேலும் வெக்காலியும் இருக்கின்றன. வண்டி அச்சுக்கே வெக்காலியைத் தேர்ந்த நம் தச்சர்களின் அறிவை நம்பலாம்.

இரும்பைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. நல்ல கோடரி எஃகில் நூற்றில் அரைப் பங்கு முதல் முக்கால் பங்கு வரை கரி கலந்திருக்கும். பழைய லாரிப் பட்டைகளைக் கொல்லர்கள் தேடி வாங்குவது இதனால்தான். அந்த எஃகு ஏறக்குறைய இதே தரம். எஃகு நல்லதாயிருந்தும் தோய்ச்சல் தவறினால் பயனில்லை. சிவக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்த எஃகு கண்ணாடி போலக் கடினமாகி, அடித்தால் சிதறும். அதை மறுபடி இளஞ்சூடாக்கினால், வைக்கோல் நிறமும், பழுப்பும், ஊதாவும், நீலமும் வரிசையாக மேற்பரப்பில் தோன்றும். கோடரி வாய்க்குப் பழுப்புக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்ட பதம் வேண்டும். வாங்குகிறவர் இதை அறிய ஒரு புது அரம் போதும். வாயோரத்தில் மெல்ல இழுத்தால், வழுக்கி ஓடுவது மிகக் கடினம். எளிதில் சீவிக்கொண்டு போவது மிக மிருது. சற்றே பற்றித் தயங்கினால் சரியான பதம். பின்மண்டை கடினமாக்கப்படாத பகுதி. அதன்மேல் சம்மட்டியால் அடித்தால் கண் நெளியும். தெறிக்கும் சில்லு நம் கண்ணையும் பதம் பார்க்கும்.

தலையும் பிடியும் ஒரே எஃகாக அடிக்கப்பட்ட கோடரிகளும் உண்டே என்பீர்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1923-இல் தொடங்கப்பட்ட எஸ்ட்விங் நிறுவனம் அவற்றுக்குப் பெயர் பெற்றது. பின்லாந்தின் பிஸ்கார்ஸ், இழை கலந்த பிளாஸ்டிக் பிடியைத் தலையோடு சேர்த்தே வார்க்கிறது. இரண்டிலும் தலை கழலும் அச்சம் அனேகமாக இல்லை. வெயிலில் சுருங்கவும் செய்யா. கருவிகளைப் பேண நேரமில்லாதவர்களுக்கு இவற்றையே பரிந்துரைப்பேன். ஆனால் எஃகுப் பிடி அதிர்ச்சியை முழங்கை வரை கொண்டுபோகும். பிளாஸ்டிக் பிடி ஒடிந்தால் வேறு பிடி போடுவது எளிதன்று. சுவீடனின் கிரான்ஸ்போர்ஸ் பட்டறையில் இன்றும் மரக்காம்புதான். அங்கே கோடரியை அடித்த கொல்லர் தம் பெயரின் முதலெழுத்துகளை அதன்மேல் பொறிக்கிறார். விலை மிகுதி; ஆனால் எவர் வேலைக்கு எவர் பொறுப்பு என்பது இரும்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நம் கோடையில் காம்பு உலர்ந்து தலை ஆடத் தொடங்கும். உடனே கோடரியை வாளித் தண்ணீரில் ஊறப்போடுவது நாட்டு வழக்கம். மரம் ஊதித் தலை இறுகும். ஆனால் இரும்போடு நெருக்குண்ட இழைகள் நசுங்கிவிடுவதால், உலர்ந்தபின் முன்னிலும் தளரும். ஊறப்போடுவதற்குப் பதில் ஆளிவிதை எண்ணெயை உச்சியிலும் காம்பிலும் பலமுறை பூசி ஊறவிடுங்கள். ஆட்டம் நிற்காவிட்டால் ஆப்பை மாற்றுங்கள்.

கோடரி கையில் இருப்பதனால் காட்டுக்கு உரிமை வந்துவிடாது. காப்புக்காடுகளில் மரம் வெட்டுவது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுசெல்வதையும் அனுமதியின்றி ஒப்புவதில்லை. நாங்கள் இசைவு பெற்ற தோட்டங்களிலும் தனியார் நிலங்களிலுமே பாசறை அமைக்கிறோம். விறகையும் அங்கேயே விலைக்கு வாங்குகிறோம்.

காம்பு என்றேனும் முறியத்தான் செய்யும். அப்போது கண்ணுக்குள் சிக்கிய துண்டை எடுப்பதற்காகத் தலையை அடுப்பில் போட்டு எரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மரம் எரியும்; கூடவே கொல்லர் ஏற்றிய பதமும் இறங்கிப்போகும். துண்டைக் கண்ணின் அடியோடு ஒட்ட அறுத்து, நடுவே சில துளைகள் இட்டு, ஓர் இரும்பு முளையைக் கீழிருந்து மேலாகத் தட்டினால் அது வெளியே வந்துவிடும். பிறகு தச்சரிடம் போய், வெக்காலித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.